1, 2, 3 என்று எழுதுகிற வாக்காளர்கள்: அயர்லாந்து குடியரசின் ஆட்சிமுறை

(நமது மாவட்டப் பயிலரங்கில் ஞாயிறு காலை ஆற்றிய உரை. வர இயலாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால், பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் இங்கே பதிவிடுகிறோம்.)



காலையில உள்ளே வரும்போது உங்க கையில ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தாங்க. சாயங்காலம் டீயோட என்ன பலகாரம் வேணும்? பஜ்ஜி, வடை, சுண்டல், போண்டா. நாலுல ரெண்டுதான் போட முடியும். பிடிச்ச வரிசைப்படி 1, 2, 3, 4னு எழுதிப் பெட்டியில போடுங்கன்னு கேட்டிருந்தோம். சில பேர் சிரிச்சீங்க. ஒரு மூத்த தோழர் சீட்டுல "எனக்கு சர்க்கரை இல்லாத டீ மட்டும் போதும்"னு எழுதியிருக்கார். அது செல்லாத ஓட்டு, மன்னிக்கணும். செல்லும் ஓட்டு 120. முடிவைக் கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

இந்த விளையாட்டு எதுக்குன்னா, அடுத்த மாசம் நம்ம மாவட்டக் குழுத் தேர்தல். அதை இந்த முறையில நடத்தணும்னு இளைஞர் அணித் தோழர்கள் ஒரு தீர்மானம் கொடுத்திருக்காங்க. நாட்டுக்கு விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வேணும்னு மேடை மேடையாப் பேசுறோமே, கட்சிக்குள்ள ஏன் இல்லைன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்வி. தீர்மானத்துல அயர்லாந்தை உதாரணமாக் காட்டியிருக்காங்க. அங்கே என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சுக்காம கை தூக்கக் கூடாது, எதிர்க்கவும் கூடாது. அதுக்காகத்தான் இந்த உரை.

அயர்லாந்து ஒரு தீவு. அதுல 32 கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி. 26 கவுண்டி குடியரசு. வடகிழக்கு மூலையில இருக்கிற 6 கவுண்டி இன்னைக்கும் பிரிட்டனோட இருக்கு. 1916இல் எழுச்சி, 1919 முதல் 1921 வரை விடுதலைப் போர், 1922இல் சுதந்திர அரசு. 1937இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு புதிய அரசமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். 1949இல் முறைப்படி குடியரசு. 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 51 லட்சத்தைத் தாண்டியது. அவ்வளவு சின்ன நாடுதான். ஆனா அந்த 1937 அரசமைப்பை நம்ம அரசமைப்பை எழுதினவங்க நல்லாப் படிச்சிருக்காங்க. அரசு வழிகாட்டு நெறிமுறைகள் என்ற பகுதி அங்கிருந்து வந்தது. மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர்கள் என்ற யோசனையும் அங்கிருந்துதான்.

முதல்ல ஜனாதிபதியைப் பத்திச் சொல்லிடறேன். மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. ஏழு வருஷம் பதவி, அதிகபட்சம் ரெண்டு தடவை. இப்போ இருப்பவர் கேத்தரின் கானலி. 2025இல் சுயேச்சையா நின்னு, இடதுசாரிக் கட்சிகள் ஆதரவோட ஜெயிச்சவர். மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டு வர்றதால அதிகாரம் கொட்டிக் கிடக்கும்னு நினைக்காதீங்க. ஆட்சி நடத்துவது பிரதமரும் அமைச்சரவையும்தான். பிரதமரை அவங்க மொழியில 'டீஷக்'னு சொல்றாங்க. நாடாளுமன்றத்தின் கீழவைக்கு 'டாயில்'னு பேரு. டாயில் தேர்ந்தெடுக்கிற ஆளை ஜனாதிபதி பிரதமரா நியமிக்கணும். அமைச்சரவையில பிரதமரையும் சேர்த்து அதிகபட்சம் 15 பேர். இது அரசமைப்புலயே எழுதியிருக்கு. ஆள் சேர்க்க ஆள் சேர்க்கப் புது இலாகா உருவாக்குற வேலையெல்லாம் அங்கே நடக்காது.

ஜனாதிபதி மேசைக்கு ஒரு மசோதா வந்தா என்ன பண்ணணும்? ஐந்தாம் நாளுக்கு முன்னாடி கையெழுத்துப் போடக் கூடாது, ஏழாம் நாளைத் தாண்டக் கூடாது. இதுதான் பொது விதி. சந்தேகம் இருந்தா அரசவை என்ற ஆலோசனைக் குழுவைக் கலந்துட்டு உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், அரசமைப்புக்கு முரணா இல்லையான்னு சொல்லுங்கன்னு கேக்கலாம். நீதிமன்றம் சரின்னு சொன்னா கையெழுத்துப் போட்டே ஆகணும். மேசை இழுப்பறையில போட்டுப் பூட்டி வைக்கிற வழி இல்லை. இதை ஏன் நிறுத்தி நிதானமாச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்.

இந்த அனுப்பும் உரிமையாலயே ஒரு ஜனாதிபதி பதவி விலகியிருக்கார். 1976இல் ஓ டாலி என்பவர் ஜனாதிபதி. தலைமை நீதிபதியா இருந்தவர். அரசு கொண்டு வந்த நெருக்கடி நிலை மசோதாவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அவர் உரிமைக்கு உட்பட்ட காரியம்தான். பாதுகாப்பு அமைச்சர் ராணுவ நிகழ்ச்சி ஒன்றில் நின்னுக்கிட்டு ஜனாதிபதியைக் கேவலமாப் பேசிட்டார். அமைச்சரைப் பிரதமர் நீக்குவார்னு எதிர்பார்த்தாங்க, நீக்கலை. பதவியின் கண்ணியத்தைக் காப்பாத்தணும்னா வேற வழியில்லைன்னு ஓ டாலியே விலகினார். மசோதா செல்லும்னு நீதிமன்றம் சொல்லியிருந்தது, அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். அதுக்கப்புறம்தான் இத்தனையும் நடந்துச்சு.

சரி, தேர்தலுக்கு வருவோம். டாயிலில் இப்போ 174 உறுப்பினர்கள். ஆனா தொகுதி 43தான். ஒரு தொகுதிக்கு மூணு, நாலு அல்லது அஞ்சு உறுப்பினர். மூணுக்குக் குறைவான தொகுதியே இருக்கக் கூடாதுன்னு அரசமைப்பு சொல்லுது. வாக்குச்சீட்டுல வேட்பாளர் பேரு, படம், கட்சிச் சின்னம் எல்லாம் இருக்கும். வாக்காளர் பிடிச்ச வரிசையில 1, 2, 3னு போட்டுக்கிட்டே போகலாம். ஒண்ணோட நிறுத்தவும் செய்யலாம். இதுக்கு ஒற்றை மாற்று வாக்கு என்று பேரு.

எண்ணுவது எப்படி? நம்ம பலகாரத் தேர்தலையே பாருங்க. செல்லும் ஓட்டு 120, இடம் 2. இடத்தோட ஒண்ணு கூட்டி வகுக்கணும். 120ஐ மூணால வகுத்தா 40, அதோட ஒண்ணு, 41. இந்த 41தான் ஜெயிக்கத் தேவையான அளவு. 41 ஓட்டு வாங்கினவங்க ரெண்டு பேருக்கு மேல இருக்கவே முடியாது, போட்டுப் பாருங்க.

முதல் விருப்பம்: பஜ்ஜி 52, வடை 30, சுண்டல் 20, போண்டா 18. பஜ்ஜி ஜெயிச்சாச்சு. நம்ம வழக்கமான முறைன்னா அடுத்து வடை, கதை முடிஞ்சது. இங்கே அப்படி இல்லை. பஜ்ஜிக்கு 41 போதும், 11 ஓட்டு உபரி. அதை வீணாக்காம, பஜ்ஜிக்கு ஓட்டுப் போட்டவங்க ரெண்டாவதா யாரைச் சொல்லியிருக்காங்களோ அந்த விகிதத்துல பிரிச்சுக் கொடுத்தோம். போண்டாவுக்கு 8, வடைக்கு 2, சுண்டலுக்கு 1. இப்போ வடை 32, போண்டா 26, சுண்டல் 21. கடைசியில இருக்கிற சுண்டலை நீக்கிட்டு அந்த 21 சீட்டையும் பிரிச்சோம். 15 போண்டாவுக்கு, 6 வடைக்கு. போண்டா 41, வடை 38. ஆக, சாயங்காலம் பஜ்ஜியும் போண்டாவும்.

வடைக் கட்சித் தோழர்கள் முறைக்கிறது தெரியுது. 30 ஓட்டு வாங்கின வடை தோத்து, 18 ஓட்டு வாங்கின போண்டா ஜெயிக்கலாமா? இதுதான் இந்த முறை மேல எப்பவும் வர்ற கேள்வி. பதில் உங்க சீட்டுலயே இருக்கு. வடை பிடிச்சவங்களுக்கு வடைதான் உசிரு, மத்தவங்க வடையைக் கடைசியில தள்ளியிருக்காங்க. போண்டா நிறையப் பேருக்கு ரெண்டாவது இடம். சுண்டலுக்குப் போட்டவங்க ஓட்டும் குப்பைக்குப் போகலை, அவங்கதான் முடிவையே தீர்மானிச்சாங்க.

அயர்லாந்துல 1990 ஜனாதிபதித் தேர்தல்ல இதே கதை நடந்தது. பெரிய கட்சியான ஃபியனா ஃபாயிலின் வேட்பாளர் பிரையன் லெனிஹன். அவர் தோக்க மாட்டார்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஜனாதிபதி மாளிகைக்கு அழுத்தம் கொடுக்க போன் செய்தாரா இல்லையான்னு தேர்தலுக்குச் சில நாள் முன்னாடி சர்ச்சை கிளம்பி, அவர் கட்சிப் பிரதமரே அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். அப்படியும் முதல் விருப்பத்துல அவர்தான் முதலிடம்: 44.1 விழுக்காடு. மேரி ராபின்சனுக்கு 38.9. மூணாவது ஆளுக்கு 17. மூணாவது ஆளை நீக்கி அவர் ஓட்டைப் பிரிச்சபோது பெரும்பகுதி ராபின்சனுக்குப் போச்சு. அயர்லாந்தின் முதல் பெண் ஜனாதிபதி அப்படித்தான் வந்தார். அதிக ஓட்டு வாங்கினவர் ஜெயிக்கட்டும்னு விட்டிருந்தா லெனிஹன்தான் ஜனாதிபதி.

இதெல்லாம் நம்ம ஜனங்களுக்குப் புரியாது, படிக்காதவங்க எப்படி 1, 2, 3 எழுதுவாங்கன்னு ஒருத்தர் போன கூட்டத்துல கேட்டார். ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். நம்ம நாட்டுல குடியரசுத் தலைவர் தேர்தல் இந்த முறையிலதான் நடக்குது. மாநிலங்களவைத் தேர்தலும் இதேதான். சென்னையில எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு ஓட்டுப் போடும்போது 1, 2னுதான் எழுதுறாங்க. அவங்களுக்குப் புரியுது, அவங்களைத் தேர்ந்தெடுத்தவங்களுக்குப் புரியாதுன்னா என்ன அர்த்தம்?

இந்த முறை அங்கே வந்த வரலாறுதான் எனக்கு முக்கியமாப் படுது, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

ஐரிஷ் விடுதலை இயக்கத்துல ஒரு பெரிய பயம் இருந்தது. கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை, புராட்டஸ்டண்டுகள் சிறுபான்மை. சுதந்திரம் வந்தா சிறுபான்மைக்கு இடமே இருக்காதுன்னு அவங்க பயந்தாங்க. ஆர்தர் கிரிஃபித் மாதிரித் தலைவர்கள் அதுக்கு முன்பே விகிதாச்சார முறையை ஆதரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாங்க. 1920இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீவை ரெண்டாப் பிரிச்சுச் சட்டம் போட்டபோது வடக்கு, தெற்கு ரெண்டு சட்டமன்றத்துக்கும் இதே ஓட்டு முறையைத்தான் வச்சது. வடக்கில் கத்தோலிக்கர் சிறுபான்மை, தெற்கில் புராட்டஸ்டண்டு சிறுபான்மை. ரெண்டு பேருக்கும் ஒரே பாதுகாப்பு.

வடக்கில் என்ன நடந்தது? ஆட்சிக்கு வந்த யூனியனிஸ்ட் கட்சி 1922இல் உள்ளாட்சித் தேர்தலுக்கும், 1929இல் சட்டமன்றத் தேர்தலுக்கும் இந்த முறையை ஒழிச்சுட்டது. மக்களைக் கேக்கலை. கையில பெரும்பான்மை இருந்தது, சாதாரணச் சட்டம் போட்டு முடிச்சாங்க. அப்புறம் அந்தக் கட்சி 1972இல் அந்தச் சட்டமன்றமே முடக்கப்படும் வரைக்கும் ஒரு தேர்தல்லயும் தோக்கலை. டெரி நகரத்துல கத்தோலிக்கர்கள்தான் பெரும்பான்மை. ஆனா வார்டு எல்லைகளை வளைச்சு வளைச்சு வரைஞ்சு நகராட்சியை யூனியனிஸ்டுகள் கையிலயே வச்சிருந்தாங்க. வீடு யாருக்கு, வேலை யாருக்குன்னு அந்த நகராட்சிதான் முடிவு பண்ணும். 1968 அக்டோபர் 5ஆம் தேதி அதே டெரியில் குடியுரிமை ஊர்வலம் போனவங்க மேல போலீஸ் தடியடி நடத்தியது. அதுக்கப்புறம் நடந்த முப்பது வருஷ ரத்தக்களரியை இங்கே நான் சொல்லத் தேவையில்லை. 1973இல் பிரிட்டிஷ் அரசு அதே பழைய விகிதாச்சார முறையைத் திரும்பக் கொண்டு வந்தது.

தெற்கில் கதை வேற. காரணம், டி வலேரா 1937 அரசமைப்பை எழுதும்போது ஓட்டு முறையையும் அதுக்குள்ளயே எழுதிட்டார். அரசமைப்பை எப்படித் திருத்துவது? ரெண்டு அவையிலும் நிறைவேத்தி, பிறகு மக்கள் வாக்கெடுப்பு நடத்தணும். ஒரு கமா மாத்தணும்னாலும் மக்கள்கிட்ட வரணும். மூணில் ரெண்டு பங்கு, நாலில் மூணு பங்குன்னு எத்தனை எம்.பி. இருந்தாலும் போதாது.

இருபது வருஷம் கழிச்சு அதே டி வலேராவுக்கும் அவர் கட்சிக்கும் அந்த முறை கசந்துபோச்சு. கூட்டணி ஆட்சிகள் வந்து ரெண்டு தடவை அவங்களை வெளியே உக்கார வச்சிருந்துச்சு. பிரிட்டனைப் போல ஒரு தொகுதிக்கு ஒரு ஆள், அதிக ஓட்டு வாங்கினவர் வெற்றின்னு மாத்தினா நிலையான ஆட்சி கிடைக்கும்னு சொன்னாங்க. 'நிலையான ஆட்சி', கேட்ட வார்த்தையா இருக்கா? 1959 ஜூன் 17ஆம் தேதி வாக்கெடுப்பு. அன்னைக்கே ஜனாதிபதித் தேர்தல். வேட்பாளர் டி வலேராவேதான். 76 வயசு, கண் பார்வை மங்கிப்போன, விடுதலைப் போராட்டத்தின் பெரிய தலைவர். அவர் பேர்ல அலை அடிச்சா, வாக்கெடுப்பும் சேர்ந்து ஜெயிச்சுடும்னு கணக்கு.

மக்கள் அவரை ஜனாதிபதியாத் தேர்ந்தெடுத்தாங்க, 56 விழுக்காடு. அதே நாள், அதே வாக்குச்சாவடியில அவர் கட்சி கொண்டு வந்த திருத்தத்தைத் தோற்கடிச்சாங்க, 51.8 விழுக்காடு. வித்தியாசம் 34,000 ஓட்டுகூட இல்லை. உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா எங்க ஓட்டு எங்ககிட்டயே இருக்கட்டும்னு ஒரே நாள்ல ரெண்டு சீட்டுல சொல்லிட்டாங்க.

ஒன்பது வருஷம் கழிச்சு அதே கட்சி மறுபடியும் கேட்டது. 1968 அக்டோபர் 16. டெரியில தடியடி நடந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. இந்தத் தடவை 60.8 விழுக்காடு பேர் வேண்டாம்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் எந்த அரசும் அந்தக் கேள்வியோட மக்கள்கிட்ட போகலை.

ஓட்டு முறையில கை வைக்க முடியலைன்னா தொகுதி எல்லையில கை வைக்கலாம் இல்லையா? அதையும் பாத்தாங்க. 1974இல் வேற கூட்டணி ஆட்சி. உள்ளாட்சி அமைச்சர் ஜேம்ஸ் டல்லி டப்ளின் பக்கத்துத் தொகுதிகளை மூணு மூணு இடமா வெட்டினார். மூணுல ரெண்டு எங்க கூட்டணிக்கு, ஒண்ணு அவங்களுக்குன்னு கணக்கு. 1977 தேர்தல்ல எதிர்க்கட்சியோட ஓட்டு பாதியைத் தாண்டிடுச்சு. மூணுல ரெண்டு அவங்களுக்குப் போச்சு. 148இல் 84 இடம். எல்லையைத் திருட்டுத்தனமா வரையறதுக்கு அமெரிக்காவுல 'கெர்ரிமாண்டர்'னு பேரு. ஐரிஷ்காரங்க அதை 'டல்லிமாண்டர்'னு மாத்தி இன்னும் கிண்டல் பண்றாங்க. அதுக்குப் பிறகுதான் எல்லை வரையற வேலையை அமைச்சர் கையிலிருந்து எடுத்துத் தனி ஆணையத்துக்குக் கொடுத்தாங்க.

நம்ம பூத் ஏஜெண்டுகளுக்காக ஒரு விஷயம். அங்கே எண்ணிக்கை சில நேரம் ரெண்டு மூணு நாள் நடக்கும். கட்சித் தொண்டர்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு, பெட்டியைத் திறந்து சீட்டைப் பிரிக்கும்போதே எட்டிப் பாத்துக் கணக்கு எழுதுவாங்க. இதுக்கு 'டாலி'னு பேரு. எந்த வார்டுல எவ்வளவுன்னு மதியத்துக்குள்ள சொல்லிடுவாங்க. வேடிக்கை என்னன்னா, எதிரெதிர்க் கட்சிக்காரங்க சேர்ந்தே இந்தக் கணக்கைப் போட்டுப் பகிர்ந்துக்குவாங்க. ஒருத்தரா நின்னு அவ்வளவு சீட்டையும் பாக்க முடியாதே.

இந்த வேலையே வேண்டாம்னு அரசு 7,500 மின்னணு இயந்திரம் வாங்கிச்சு. 2002இல் மூணு தொகுதியில சோதனை. அதுல ஒரு முன்னாள் அமைச்சர், எண்ணிக்கையோட ஏற்ற இறக்கம் எதையும் பாக்காம, மேடையில நின்னபடி ஒரே அறிவிப்புல தான் தோத்ததைத் தெரிஞ்சுக்கிட்டார். முகம் வெளிறிப்போன அந்தக் காட்சி ஐரிஷ் மக்களுக்கு மறக்கலை. இயந்திரம் சரியா எண்ணுதுன்னு உறுதி சொல்ல முடியலைன்னு 2004இல் தனி ஆணையம் அறிக்கை கொடுத்தது. 5 கோடி யூரோவுக்கு மேல செலவு பண்ணின இயந்திரங்களைக் கிடங்குல போட்டு வாடகை கட்டி, கடைசியில 2012இல் 70,000 யூரோ சொச்சத்துக்குக் காயலான் கடைக்குப் போட்டாங்க. இன்னைக்கும் பென்சில், காகிதம்தான்.

சரி, இந்த முறையில ஓட்டுக்கும் இடத்துக்கும் பொருத்தம் எப்படி இருக்கு? 2024 நவம்பர் தேர்தல்ல ஃபியனா ஃபாயிலுக்கு 21.9 விழுக்காடு முதல் விருப்ப ஓட்டு, 48 இடம். ஷின் ஃபெயினுக்கு 19 விழுக்காடு, 39 இடம். ஃபினா கேலுக்கு 20.8 விழுக்காடு, 38 இடம். கவனிச்சீங்களா, ஃபினா கேலுக்கு ஓட்டு கூட, இடம் ஒண்ணு கம்மி. அச்சுக் குத்தினாப்ல விகிதாச்சாரம் வராது, பெரிய கட்சிக்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். சுயேச்சைகள் மட்டும் 16 பேர். ஆனா பக்கத்து பிரிட்டன்ல அதே வருஷம் லேபர் கட்சி 33.7 விழுக்காடு ஓட்டுக்கு 650இல் 411 இடம் எடுத்துச்சு. நம்ம நாட்டுல 2014இல் 31 விழுக்காடு ஓட்டுக்கு 282 இடம் கிடைச்சதை மறந்திருக்க மாட்டீங்க.

ஆட்சியில இருந்தவங்களுக்கு இந்த முறை பாதுகாப்பு வளையம் கொடுக்காது. 2008இல் வங்கிகளோட கடனுக்கெல்லாம் அரசே ஜாமீன் போட்டுச்சு. 2010இல் ஐ.எம்.எஃப்., ஐரோப்பிய ஒன்றியம் வாசல்ல போய் நின்னாங்க. 2011 தேர்தல்ல, அதுவரைக்கும் பல பத்தாண்டுகள் முதலிடத்துல இருந்த ஃபியனா ஃபாயிலுக்கு 166இல் 20 இடம். ஓட்டு 17.4 விழுக்காடு, இடமோ 12 விழுக்காடு. ரெண்டாம் விருப்பம் போடக்கூட ஆள் இல்லைன்னா அப்படித்தான் ஆகும்.

குறையைச் சொல்லாம விட்டா நான் உங்களை ஏமாத்தினதா ஆகும். ஒரே தொகுதியில ஒரே கட்சி ரெண்டு மூணு வேட்பாளரை நிறுத்துது. அதனால முதல் எதிரி எதிர்க்கட்சிக்காரன் இல்லை, பக்கத்துல நிக்கிற சொந்தக் கட்சிக்காரன். கொள்கையில ரெண்டு பேரும் ஒண்ணு, வேற எதுல போட்டி போடுறது? யார் அதிகச் சாவு வீட்டுக்குப் போறாங்க, யார் வீட்டு முன்னாடி ரோட்டுப் பள்ளத்தை மூடிக் கொடுத்தாங்க, இதுலதான். தேசம் முழுக்க யோசிக்க வேண்டியவங்க வார்டு கவுன்சிலர் வேலை பாக்குறாங்கன்னு அங்கேயே புலம்பல் உண்டு. இது நமக்கும் வரும். குழுத் தேர்தல்ல ஆதரவாளர் வட்டம் ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கிளம்பும். நான் பொய் சொல்லலை.

1982இல் டோனி கிரெகரின்னு ஒரு சுயேச்சை. டப்ளின் நகர மையத்துல ஏழை ஜனங்க இருக்கிற பகுதியிலிருந்து ஜெயிச்சவர். அவர் ஒரு ஓட்டு இல்லாம ஆட்சி அமைக்க முடியலை. எங்க பகுதிக்கு இத்தனை வீடு, இத்தனை வேலைன்னு எழுதி வாங்கிக்கிட்டு, அந்த ஒப்பந்தத்தை டாயில்லயே எல்லார் முன்னாடியும் படிச்சார். ஒரு பக்கம் பாத்தா பேரம். இன்னொரு பக்கம், அதுவரைக்கும் எந்த அரசும் திரும்பிப் பாக்காத ஜனங்க. ரகசிய அறையில நடக்கிறதை அவர் அவையில வச்சார். எனக்கு அது பேரமாத் தெரியலை. உங்கள்ல சிலர் ஒத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்.

ஆட்சி அமைக்கவும் நேரம் எடுக்கும். 2020 பிப்ரவரி 8 தேர்தல், ஆட்சி அமைந்தது ஜூன் 27. உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து நூறு வருஷம் எதிரெதிரா நின்ன ஃபியனா ஃபாயிலும் ஃபினா கேலும் அன்னைக்குத்தான் முதல்முறையா ஒண்ணாக் கூட்டணி அமைச்சரவையில உக்காந்தாங்க. பிரதமர் பதவியை முறை வச்சு மாத்திக்கிட்டாங்க. இதனால வீட்டு வாடகைப் பிரச்சினை தீர்ந்துச்சான்னா இல்லை. டப்ளின்ல இளைஞர்களுக்கு வாடகை வீடு கிடைக்கிறது குதிரைக் கொம்பு. 174 உறுப்பினர்ல பெண்கள் 44 பேர்தான்.

வாக்கெடுப்பு பத்தியும் ரெண்டு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008இல் மக்கள் வேண்டாம்னாங்க. சில உறுதிமொழிகளை வாங்கிட்டு வந்து 2009இல் மறுபடி கேட்டு சரின்னு சொல்ல வச்சாங்க. கேக்குற கேள்விக்கு வேணுங்கிற பதில் வர்ற வரைக்கும் கேக்குறதான்னு அங்கே பலருக்குக் கோபம். ஆனா ஒரு நல்ல கட்டுப்பாடு இருக்கு. 1995இல் பட்ரிசியா மக்கென்னா தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, வாக்கெடுப்புல ஒரு பக்கத்துக்கு ஆதரவா அரசு மக்கள் பணத்தைச் செலவு பண்ணக் கூடாதுன்னு. அரசு விளம்பரத்துல அமைச்சர் சிரிக்கிற படமெல்லாம் போட முடியாது.

2012இல் சவிதா ஹலப்பனவார்னு கர்நாடகத்திலிருந்து போன பல் மருத்துவர். 31 வயசு. கர்ப்பம் நிலைக்காதுன்னு தெரிஞ்ச பிறகும், சிசுவின் இதயத்துடிப்பு இருக்கும் வரைக்கும் கருக்கலைப்பு செய்ய முடியாதுன்னு சொல்லப்பட்டு, நச்சுத்தொற்றால இறந்துபோனார். அதுக்குப் பின்னாடி இருந்தது 1983இல் மக்களே ஓட்டுப் போட்டு அரசமைப்புல சேர்த்த ஒரு திருத்தம். மக்கள் வாக்கெடுப்புன்னா எப்பவும் நியாயமே ஜெயிக்கும்னு நினைக்கிறவங்க இதை மனசுல வைக்கணும். அதைத் தொட எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வரலை. 2016இல் பொதுமக்கள்லருந்து 99 பேரைத் தேர்ந்தெடுத்து, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில மக்கள் பேரவை அமைச்சாங்க. மருத்துவர், வழக்கறிஞர், ரெண்டு பக்கத்து இயக்கத்தவங்க எல்லாரும் வந்து பேசினாங்க. வார இறுதிகள்ல உக்காந்து கேட்டுட்டு, மாத்தணும்னு பேரவை சொல்லிச்சு. 2018 மே 25 வாக்கெடுப்புல 66.4 விழுக்காடு பேர் அந்தத் திருத்தத்தை நீக்கச் சொன்னாங்க. சவிதாவோட படம் டப்ளின் சுவர்ல வரையப்பட்டிருந்தது. அதுல சின்னச் சின்னத் தாள்ல ஜனங்க மன்னிப்புக் கேட்டு எழுதி ஒட்டினாங்க.

இப்போ நம்ம தீர்மானத்துக்கு வர்றேன். மாவட்டக் குழுவுல பத்து இடம். இப்போதைய முறையில அதிகக் கிளை வச்சிருக்கிற ஒரு அணி பத்தையும் எடுத்துடலாம், போன தடவை அப்படித்தான் எடுத்தோம். 'எடுத்தோம்'னு சொல்றேன், நானும் அந்த அணிதான். இந்த முறை வந்தா எங்களுக்கு ஆறோ ஏழோதான் கிடைக்கும். அந்தக் கழியுற மூணு நாலு பேர்ல நானும் ஒருத்தனா இருக்கலாம். தலைமைக் குழுவுல சிலர், தேர்தலுக்கு முன்னாடி இதெல்லாம் எதுக்குன்னு என்கிட்ட கேட்டாங்க. தேர்தலுக்கு அப்புறம் கேட்டா ஜெயிச்சவங்க ஒத்துக்குவாங்களா?

நான் தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டுப் போடப்போறேன். நீங்க யோசிச்சுப் போடுங்க. ரகசிய வாக்கெடுப்புதான், கை தூக்கச் சொல்ல மாட்டோம். பெட்டி மேடைக்கு வலது பக்கம் இருக்கு. எண்ணும்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு யார் வேணும்னாலும் கணக்கு எழுதலாம்.

வடைக் கட்சியிலிருந்து மறுஎண்ணிக்கை கேட்டு ஒரு சீட்டு வந்திருக்கு. அந்த 120 சீட்டும் டீ மேசையிலயே இருக்கு, வந்து எண்ணிப் பாருங்க. முதல்ல கேள்விகளைக் கேட்டுடறேன். பின் வரிசையில கை தூக்கின தோழர், நீங்க சொல்லுங்க.